உவர்ச் சதுப்பில் 14 அடி கயாக்: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு தெரிவது

படகு வாங்கிய முதல் மாதத்தில் எல்லோரும் கேட்பது வேகம், இருக்கை, எடை. மூன்றாம் ஆண்டில் கேள்விகளே மாறிவிடும். ஸ்கெக் (படகின் அடியில் இறக்கி ஏற்றும் சிறு தகடு) ஏன் இறங்க மறுக்கிறது, பின் அறைக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, துடுப்பின் இரண்டு பாதிகளும் ஏன் பிரியவில்லை என்று கேட்பார்கள். இந்தப் பகிர்வு அந்தப் பின்னாள் கேள்விகளுக்கானது.

பேசப்படும் படகு ஒரு கயாக், அதாவது மேல்தளம் மூடிய, இரட்டை இலைத் துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகு. 14 அடி, அதாவது சுமார் 4.27 மீட்டர் நீளம். அகலம் 60 செ.மீ. சூட்டில் சுழற்றி வார்த்த பாலிஎத்திலீன் உடல், ஏறத்தாழ 25 கிலோ எடை, முன்னும் பின்னும் மூடியுள்ள இரண்டு சரக்கு அறைகள், பின்பக்கம் இறக்கி ஏற்றும் ஸ்கெக். ஒப்பீட்டுக்கு ஒரு 16 அடி கனூ, அதாவது மேல்பக்கம் திறந்த, ஒற்றை இலைத் துடுப்பால் ஓட்டும் படகு. ஓட்டும் இடம் திறந்த கடல் அல்ல. கரை சூழ்ந்த விரிகுடாக்களும் அவற்றின் உள்ளே கிளை பிரியும் உவர்ச் சதுப்பு ஓடைகளும்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த நீரில் படகில் நகரும் பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி. மணல், சேறு, உப்பு, சிப்பி ஓடு என்ற நான்கும் நகரும் எதையும் விட்டுவைப்பதில்லை.

உடல்

கண்ணாடி இழைப் படகு அழகாக வழுக்கிப் போகும். ஆனால் சதுப்பு ஓடையின் கரையில் சிப்பித் திட்டு இருந்தால் அதன் மேல்பூச்சு ஒரே உரசலில் வெள்ளைக் கோடாகத் திறந்துகொள்ளும். பாலிஎத்திலீனும் கீறுபடும், ஆனால் உடையாது. சிப்பியின் விளிம்பு பட்ட இடத்தில் பிளாஸ்டிக் நூல் நூலாகச் சீவி எழும்பி நிற்கும். அந்த நூல்களை மணல்தாள் போட்டுத் தேய்த்தால் இன்னும் பஞ்சு பஞ்சாக எழும். கூரான பிளேடால் உடலோடு ஒட்டி வெட்டிவிட வேண்டும். கீறலின் பள்ளம் இருந்துவிட்டுப் போகட்டும். நீரை இழுத்துப் பிடிப்பது பள்ளத்தைவிட அந்த மயிர்தான்.

உண்மையான தேய்மானம் ஓர் இடத்தில்தான் நடக்கிறது. அடிப்பகுதியின் பின் முனை. அணியத்தின் (படகின் முன்முனையின்) கைப்பிடியைப் பிடித்துத் தரையில் இழுக்கும்போது முழு எடையும் அங்கேதான் இறங்கும். சிப்பி ஓடு கலந்த மணலில் ஒவ்வொரு முறையும் இப்படி இழுத்தால் சில ஆண்டுகளில் அந்த முனை ஓட்டை விழும் அளவுக்கு மெலிந்துவிடும். சாதாரணப் பசை பாலிஎத்திலீனில் பிடிக்காது. அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கித்தான் பற்றவைக்க வேண்டும். நேர்ச்சங்கிலிப் பாலிஎத்திலீனில் இது முடியும், குறுக்கிணைப்புள்ள வகையில் முடியாது. வாங்கும்போதே எந்த வகை என்று கேட்டுக்கொள்வது நல்லது. அதைவிட நல்லது இருவர் தூக்குவது, அல்லது அகலச் சக்கர வண்டியில் வைத்துத் தள்ளுவது. வண்டியின் சக்கரம் காற்றடைக்காத திடச் சக்கரமாக இருக்கட்டும். சிப்பி ஓட்டுக்கு டயர் தாங்காது.

கார் கூரையில் வெயிலில் இறுக்கிக் கட்டினால் அடிப்பகுதி உள்வாங்கிப் பள்ளமாகும். படகைக் குப்புறவோ பக்கவாட்டாகவோ வைத்து, பட்டையைக் கையால் இழுக்கும் இறுக்கத்தோடு நிறுத்த வேண்டும். பள்ளம் விழுந்துவிட்டால் அதே வெயில்தான் மருந்து. நன்றாகச் சூடேறிய பிறகு உள்ளிருந்து அழுத்தினால் பெரும்பாலும் பழைய வடிவம் திரும்பும்.

தடுப்புச் சுவரும் மூடியும்

இவ்வகைப் படகுகள் பலவற்றில் காக்பிட்டுக்கும் (ஆள் உட்காரும் குழிக்கும்) சரக்கு அறைக்கும் நடுவில் இருப்பது தடித்த ஃபோம் பலகை. சுற்றிலும் சீலன்ட் என்ற கசிவடைப்புப் பசை பூசியிருக்கும். வெயிலில் உடல் விரிந்து தண்ணீரில் சுருங்க, அந்தப் பூச்சு ஓர் ஓரத்தில் பிரியும். வெளியே ஒன்றும் தெரியாது. படகைச் சமமாக வைத்து காக்பிட்டுக்குள் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துச் சரக்கு அறைப் பக்கம் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். ஈரம் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அங்கேதான் பிரிவு. பழைய பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, நெகிழ்வுள்ள பாலியுரித்தேன் வகை சீலன்ட்டைப் பூசி, இரண்டு மூன்று நாள் உலரவிட வேண்டும். சிலிக்கான் இங்கே பட்டையாக உரிந்து வந்துவிடும்.

சுவரின் மேல்பகுதியில் 1 முதல் 2 மி.மீ. அளவில் ஒரு துளை இருக்க வேண்டும். பலர் அதைக் குறை என்று நினைத்து அடைத்துவிடுகிறார்கள். வெயிலில் அடைபட்ட காற்று விரிந்து மூடியை உப்பவைக்கும். குளிர்ந்த நீரில் இறக்கியதும் அதே காற்று சுருங்கி ஈரத்தை உறிஞ்சும். இந்த இழுபறிதான் பூச்சைப் பிரிக்கிறது. அந்தச் சிறு துளை வழியாக உள்ளே வரும் தண்ணீர் மிகக் கொஞ்சம்தான்.

ஸ்கெக்: அதிகத் தொல்லை தந்த பாகம்

ஸ்கெக் என்பது திருப்பும் கருவி அல்ல. பக்கக் காற்றில் படகின் முகம் காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும். அதை அடக்கத்தான் இந்தத் தகடு. எதிர்க்காற்றில் மேலே தூக்கியும், பக்கக் காற்றில் பாதி இறக்கியும், பின்காற்றில் முழுக்க இறக்கியும் வைக்கிறோம்.

கோளாறு தொடங்குவது தகட்டுக்கும் அதன் பெட்டிக்கும் நடுவே உள்ள ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில். கரையேறும்போது ஓட்டுத் துண்டு ஒன்று அதில் ஆப்பு வைத்தாற்போல் மாட்டிக்கொள்ளும். திரும்பத் தண்ணீரில் இறங்கி, காக்பிட் பக்கத்தில் உள்ள நழுவு குமிழைத் தள்ளுகிறீர்கள், தகடு அசையவில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளுகிறீர்கள். அந்த நொடியில் உள்ளே இருக்கும் விறைப்பான எஃகுக் கம்பி, குமிழ் முடியும் இடத்தில் மடங்கிவிடும். ஒருமுறை மடங்கிய கம்பி நேராகாது. நேராக்கினாலும் அதே இடத்தில் மறுபடி மடங்கும். கம்பியை மாற்றுவது ஒன்றே வழி.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. தகட்டின் கீழ்ப் பின் மூலையில் 3 அல்லது 4 மி.மீ. துளை போட்டு, ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய நைலான் கயிற்றை வளையமாகக் கட்டிவிடுங்கள். சிக்கிக்கொண்டால் கூட வருபவர் அந்த வளையத்தைப் பிடித்துக் கீழே இழுத்துவிடலாம். தனியாகப் போனால் கரையேறித்தான் ஆக வேண்டும். அணியம் தரையைத் தொடும் முன் ஸ்கெக் மேலே போயிருக்க வேண்டும். மறுபடி இறங்கியதும் இடுப்பளவு நீரிலேயே ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

மறுபடி வாங்குவதாக இருந்தால் கம்பி ஸ்கெக்கைத் தொடமாட்டோம். ரப்பர் கயிறு தகட்டைக் கீழே இழுக்க, சாதாரணக் கயிறு மேலே தூக்கும் வகை ஒன்று உண்டு. ஓடு சிக்கினால் அது இறங்காமல் நிற்கும், அவ்வளவுதான், ஒன்றும் உடையாது. ரப்பர் கயிறு மட்டும் நைந்துபோகும், அதை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

சுக்கான் பொருத்திய படகுகளும் குறுகிய ஓடைக்கு உகந்தவை அல்ல. பின்னோக்கித் துடுப்புப் போட்டவுடன் சுக்கான் சேற்றில் குத்தும். சுக்கானை இழுக்கும் எஃகுக் கம்பிகள் கவ்வி அழுத்திய இடத்தில் துருவேறி ஒவ்வோர் இழையாக அறும். அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், குத்தினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எஃகுக்குப் பதில் 2 முதல் 3 மி.மீ. டைனீமா (மிக வலுவான செயற்கை இழை) கயிறு போட்டால் துரு என்ற பேச்சே இல்லை.

துடுப்பு

60 செ.மீ. அகலப் படகுக்கு 220 முதல் 230 செ.மீ. துடுப்பு சரியாக இருக்கும். தண்டு கண்ணாடி இழையிலும், நீரைத் தள்ளும் தட்டையான இலை, இழை கலந்த நைலானிலும் இருப்பது இந்த நீருக்கு நல்ல கூட்டணி. முழுக் கார்பன் இலை சிப்பியில் பட்டால் விளிம்பு பொரிந்துவிடும். அலுமினியத் தண்டு உப்பில் வெண்பூத்து, இணைப்பில் இறுகிப் பிரியவே பிரியாது. எந்தத் தண்டானாலும் இணைப்பில் எண்ணெயோ கிரீஸோ போடாதீர்கள்; மணலைப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். ஒவ்வொரு முறையும் பிரித்து நல்ல தண்ணீரில் அலசினால் போதும். இறுகிவிட்டால் இணைப்பை நல்ல நீரில் ஊறவைத்து, வெளிக் குழாயின் மேல் மட்டும் வெந்நீர் ஊற்றி, இருவர் ஆளுக்கொரு பாதியைப் பிடித்து முன்னும் பின்னும் திருக வேண்டும்.

இரண்டு மீட்டர் அகல ஓடையில் இரட்டை இலைத் துடுப்பு இரு கரைப் புல்லிலும் இடிக்கும். அதனால் உதிரித் துடுப்பாக ஒற்றை இலை கனூ துடுப்பு ஒன்றை மேல்தளத்தில் செருகி வைப்பது மிகவும் உதவும். 140 செ.மீ. நீளமே போதும்.

சேற்றில் மாட்டினால் துடுப்பைச் செங்குத்தாகக் குத்தித் தள்ளுவது எல்லோருக்கும் வரும் பழக்கம். சேறு இலையைப் பிடித்துக்கொள்ளும், படகு நகரும், கை துடுப்பை விடாது, ஆள் கவிழ்வார். இலையைப் படுக்கைவசத்தில் சேற்றின் மேல் வைத்து அழுத்துங்கள்.

கனூ எங்கே மேல்

புல்லுக்கு மேல் எழுந்து நின்று பார்க்க முடிவது கனூவின் பெரிய பலம். கயாக்கில் அமர்ந்தவரின் கண் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இராது. வற்றத்தில் (கடல்நீர் இறங்கும் நேரத்தில்) கரையும் உயர்ந்து, ஓடையோரப் புல்லும் ஆளுயரம் நின்றால் வானம் மட்டும்தான் தெரியும். சரக்கு ஏற்றவும் கழி ஊன்றவும் கனூ வசதி. ஆனால் விரிகுடாவைக் கடக்கும்போது அதன் உயர்ந்த பக்கங்கள் பாய் போல் காற்றை வாங்கும். தனியாளாக ஓட்டும்போது அணியம் தூக்கிக்கொள்ளாமல் 10, 15 கிலோ சுமையை முன்னே நகர்த்தி, மண்டியிட்டு உட்கார வேண்டும். இரு முனையிலும் காற்றுப் பை கட்டாயம். நீர் நிறைந்த கனூவைப் பை இல்லாமல் நடுநீரில் காலி செய்ய முடியாது. கனூவுக்குப் பெயர்பெற்ற ராயலெக்ஸ் என்ற பல அடுக்குப் பிளாஸ்டிக் தகட்டின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. பழைய ராயலெக்ஸ் கனூ கிடைத்தால் முனைகளின் தேய்மானத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஏற்றவற்றம்

நல்ல படகும் தவறான மணியில் சேற்றின் மேல் கிடக்கும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் பின்னால் வீச்சு அதிகம்.

உயர்வு தாழ்வு 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டில் பங்கு கணக்குப்படி (வீச்சைப் பன்னிரண்டு பங்காக்கி, மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு) ஆறு மணி நேரத்தில் நீர் இறங்குவது முறையே 15, 30, 45, 45, 30, 15 செ.மீ. முதல் மணியில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். மூன்றாம் மணியில் கண்ணெதிரே ஓடை மறையும். ஆட்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். ஒரு எச்சரிக்கை: சதுப்பின் உள்ளே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. முகத்துவாரத்தில் ஏற்றம் முடிந்த பிறகும் உள் ஓடையில் நீர் ஏறிக்கொண்டிருக்கும். கரை தாண்டிப் புல்வெளியெங்கும் நீர் பரவிய நாளில், அது மொத்தமும் ஓடைக்குள் வடியத் தொடங்கும் நேரத்தில் நீரோட்டம் திடீரென்று வலுக்கும். நிலத்திலிருந்து அடிக்கும் பலமான காற்று, அட்டவணை சொல்வதைவிட நீரைத் தாழ்த்திவிடும்.

அட்டவணை கையில் இல்லாவிட்டாலும் கரையே சொல்லும். நீர்க்கோட்டுக்கு மேலே சேறு ஒரு பட்டையாகப் பளபளவென்று ஈரமாக இருந்தால் வற்றுகிறது. உலர்ந்து மங்கிய சேற்றையோ காய்ந்த புல் தண்டையோ நீர் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் ஏறுகிறது. நுரையும் சருகும் போகும் திசையை மட்டும் நம்பாதீர்கள், காற்று அவற்றை எதிர்த்திசையிலும் தள்ளும். நீருக்குள் வளைந்து கிடக்கும் புல்லைப் பாருங்கள்.

வழி தவறினால்: வற்றத்தில் நீர் போகும் பக்கமே வெளியே போகும் வழி, ஏற்றத்தில் நீர் வரும் பக்கம். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதுதான் ஆபத்தானதும். இரு முனையும் விரிகுடாவில் திறக்கும் ஓடையில் நீர் இரு பக்கமிருந்தும் ஏறி நடுவில் சந்திக்கும். அங்கே ஓட்டம் செத்துப்போவதால் வண்டல் படிந்து மேடாகியிருக்கும். வரைபடத்தில் அருமையான குறுக்கு வழியாகத் தெரியும். அந்த மேட்டை ஏற்றம் முடிவதற்கு முன்பே கடந்துவிட வேண்டும். வற்றத்தில் அங்கே போனால் இரு பக்கமும் நீர் விலகிப்போக, நடுவில் படகு மட்டும் நிற்கும். செயற்கைக்கோள் படம் எந்த நேரத்து நீரில் எடுக்கப்பட்டது என்பதைப் படமே சொல்லாது என்பதையும் மனதில் வையுங்கள்.

நடைமுறையில் எங்கள் ஒழுங்கு இது. ஏற்றம் முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது உள்ளே நுழைவோம், நீரோடு சேர்ந்து ஏறுவோம், உச்சத்தில் திரும்பிவிடுவோம். புதிய கிளை ஓடைகளை ஏற்றத்தில் மட்டுமே பார்ப்போம். ஆள் ஏறிய கயாக்குக்கு 10 முதல் 12 செ.மீ. நீர் போதும், ஆனால் துடுப்பின் இலை முழுகச் சுமார் 30 செ.மீ. வேண்டும். ஒரு முழத்துக்குக் குறைந்த ஆழத்தில் வேகமாகப் போக முயன்றால் படகு கனத்து, பின்பக்கம் அமுங்கும். கை சோர்ந்ததால் அல்ல, தரை நெருங்கியதால் அது. ஓடையின் அகலம் 4 மீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் 14 அடிப் படகு திரும்பாது. ஸ்கெக்கைத் தூக்கிவிட்டுப் பின்னோக்கியே வர வேண்டும்.

மாட்டியேவிட்டால் இறங்காதீர்கள். ஆளைத் தாங்காத சேறு படகைத் தாங்கும். நீர் திரும்பும்வரை ஆறு மணி நேரமும் ஆகலாம். மணிக்கு அரை லிட்டர் கணக்கில் குடிநீர், தொப்பி, ஒரு மேலாடை, வெள்ளை ஒளி விளக்கு இருக்கட்டும். கடலில் மோதல் தவிர்ப்புக்கான 1972-ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகளில் 25-ஆம் விதி துடுப்புப் படகுக்கும் பொருந்தும். பக்க விளக்குகள் இல்லையென்றால், வெள்ளை ஒளி ஒன்றை மோதலைத் தவிர்க்கப் போதிய நேரம் இருக்கும்போதே காட்டும்படி கையில் தயாராக வைத்திருக்கச் சொல்கிறது. கால் சேற்றில் இறங்கிவிட்டால் படகின் மேல் வயிற்றைச் சாய்த்து எடையைப் பரப்பி, குதிகாலைத் தூக்கி மெல்ல அசைத்து, இடைவெளியில் நீர் நுழைந்த பிறகு இழுக்க வேண்டும். செருப்பு சேற்றுக்கே போய்விடும்; கணுக்காலை இறுக்கும், அடி தடித்த காலணிதான் சரி.

சிப்பி கீறினால் சின்னக் காயம் என்று விடாதீர்கள். வெதுவெதுப்பான உவர் நீரில் வைப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா இருக்கக்கூடும். உடனே நல்ல நீரும் சோப்பும் கொண்டு கழுவுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு பரவினாலோ, வலி காயத்தின் அளவுக்கு மீறி இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனை. கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் கையுறை இல்லாமல் சிப்பித் திட்டை நெருங்கவே வேண்டாம்.

விரிகுடாவைக் கடக்கும்போது

ஆழமற்ற விரிகுடாவில் அலை உயரம் குறைவு, ஆனால் நெருக்கமும் செங்குத்தும் அதிகம். 15 நாட் காற்று, அதாவது மணிக்குச் சுமார் 28 கி.மீ., மூன்று கிலோமீட்டர் திறந்த நீரில் வீசினால் இந்தப் படகில் முகத்தில் தண்ணீர் அடிக்கத் தொடங்கும். முகத்துவாரத்தில் வடியும் நீருக்கு எதிராகக் காற்று வந்தால் இதைவிடக் குறைந்த வேகத்திலேயே மோசமாகும். அங்கே நீரோட்டம் தளரும்வரை காத்திருப்பதுதான் வழி. நிதானமாகப் போடும் துடுப்பின் வேகம் மணிக்கு 5.5 கி.மீ. எதிர் நீரோட்டம் 3.5 கி.மீ. என்றால் மிஞ்சுவது 2. மிதப்பு அங்கி, அதன் மிதப்பு விசை 50 நியூட்டனுக்குக் குறையாமல், எப்போதும் உடம்பில்.

ஏற்றம் உச்சமாகும்போது கரைப்பறவைகளுக்கு நிற்க மிஞ்சுவது சில ஓட்டுத் திட்டுகள் மட்டுமே. அந்த நேரத்தில் அவற்றை எழுப்பிவிட்டால் போக இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். 100 மீட்டர் விலகிப் போங்கள். தலையை உயர்த்தி எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் அதற்குள்ளேயே நெருங்கிவிட்டோம் என்று பொருள்.

கழுவுதல்

பத்து நிமிட வேலை, இதைத் தவறவிட்ட படகு இரண்டே பருவத்தில் தெரிந்துவிடும். முதலில் ஸ்கெக் பெட்டிக்குள் கீழிருந்து நீரைப் பீய்ச்ச வேண்டும், தகட்டை ஏற்றி இறக்கியபடி. அடுத்து கால்மிதிகளின் தண்டவாளம். மணல் சேர்ந்தால் மிதி நகராது. பிறகு துடுப்பு இணைப்பு, கொக்கிகள், அங்கியின் ஜிப். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லப்படும் திருகுகளில் 316 வகை தாங்கும், 304 வகையில் பழுப்புக் கறை படியும். அலுமினியத்தோடு சேரும் திருகுகளைக் கழற்றி இறுகல் தடுப்புப் பசை தடவிப் போட்டால்தான் அடுத்த முறை கழலும். மேல்தள ரப்பர் கயிறு வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இழை அறுந்திருக்கும். இழுத்து விட்டால் தளர்வாகத் திரும்புவதுதான் அடையாளம்.

மூடிகளின் ரப்பரில் பெட்ரோலிய ஜெல்லி வேண்டாம், ரப்பரை உப்பவைக்கும். புற ஊதாக் காப்புத் திரவத்தால் துடைத்தால் போதும். அடுக்கி வைக்கும்போது மூடிகளைப் பூட்டாமல் ஓரமாகச் சாய்த்து வையுங்கள். மூடிய அறையில் ஈரம் நின்றால் ஃபோம் சுவரின் நாற்றம் பிறகு எளிதில் போகாது.